ஸ்ப்ரே டின் வாங்கும் முன்



கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறையில் வரும் மாமா, பிள்ளைக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து கொடுப்பார். திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு படக் குறிப்பு, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள். பொறுமையாக ஒட்டி முடித்தால் ஒரு விமானமோ கப்பலோ கைக்குள் வந்துவிடும். ஆனால் பெட்டியின் மேலுள்ள படத்தில் பளபளக்கும் வண்ணம் மட்டும் பெட்டிக்குள் இருப்பதில்லை. “உம்மா, பெயின்ட் வாங்கக் காசு தாங்கோ” என்று பிள்ளை வந்து நிற்பான். சில வீடுகளில் பெண் பிள்ளையும் வந்து நிற்பாள். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அரபுப் பாடம் நடத்தும் மவ்லவிக்கு ஸ்ப்ரே டின்னில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஹவ்ழடியில் வுழூச் செய்ய வரும் பிள்ளைகளின் நகங்களைப் பார்ப்பவன் நான். வெள்ளி நிறமும் கறுப்பும் காய்ந்து ஒட்டிய விரல்களைக் கண்டால், வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கிவிடும். இது பிள்ளையின் விளையாட்டோடு முடிகிற விடயமல்ல. வீட்டுக் காசும் பிள்ளையின் மூச்சும் தொழுகையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

பெட்டி வரும், பெயின்ட் வராது

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். “அங்கிருந்தே பெயின்ட்டையும் கொண்டு வாருங்கள்” என்று உறவினருக்குச் சொல்லி அனுப்ப முடியாது. ஸ்ப்ரே டின்னுக்குள் அழுத்தத்தில் அடைத்த, தீப்பற்றும் வாயு இருக்கிறது. பயணிகளின் பெட்டியில் வைத்து அதை விமானத்தில் ஏற்ற அனுமதி கிடையாது. சர்வதேசத் தபாலிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே வெளிநாட்டுப் பெட்டிக்கு உள்ளூர் பெயின்ட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்கென்றே பெயின்ட் செய்யும் கம்பனிகள் உண்டு. ஜப்பானின் தமியாவும் இங்கிலாந்தின் ஹம்பிரோலும் அவற்றுள் பேர்போனவை. தமியாவின் டி.எஸ். வரிசை ஸ்ப்ரே டின் 100 மில்லிலீற்றர்தான். நமது ஹாட்வெயார் கடைகளில் மோட்டார் சைக்கிளுக்கும் கேற்றுக்கும் அடிக்க விற்கும் டின் பெரும்பாலும் 300 முதல் 400 மில்லிலீற்றர் வரை இருக்கும். மில்லிலீற்றர் கணக்குப் பார்த்தால் கடைச் சரக்கு மிக மலிவு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அதற்குப் பிறகு இறக்குமதிப் பொருளைக் கையில் எடுக்கும்போதே மனம் கணக்குப் போடுகிறது. மலிவைத் தேடுவதில் குற்றமில்லை. ஆனால் மாமா கொடுத்த பெட்டியையே கெடுத்துவிடும் பெயின்ட் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அது வீண்விரயம்தான். ஆகவே விலையைக் கேட்கும் முன், இந்தப் பெயின்ட் இந்தப் பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள்.

மூன்று வகைப் பெயின்ட்

1949 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, தனது அலுமினியப் பெயின்ட்டை வாடிக்கையாளருக்கு எப்படிச் செய்து காட்டுவது என்று யோசித்துக் கொண்டிருந்தார். டின்னில் அடைத்துப் பீச்சிக் காட்டலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி பொனி. ஸ்ப்ரே பெயின்ட் அப்படிப் பிறந்தது என்பார்கள். ஒரு பெண்ணின் யோசனையில் பிறந்த பொருளைப் பெண்கள் விளங்கிக் கொள்வது ஒன்றும் கடினமல்ல.

பெயின்ட் என்பது நிறத்தூள், அதைப் பிடித்து வைக்கும் பிசின், இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்தது. பிளாஸ்டிக்கைக் கெடுப்பதும் காப்பதும் அந்தக் கரைப்பான்தான். அதன் வீரியத்தைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது லக்கர். கரைப்பான் கடுமையானது. சில நிமிடங்களில் காயும், உறுதியாகப் பிடிக்கும். ஆனால் கொட்டினாற்போல் அடித்தால் பிளாஸ்டிக்கையே அரித்து, நுண்ணிய கோடுகளை அழித்துவிடும். இரண்டாவது எனாமல். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே முழுதாக இறுகப் பல நாள் செல்லும். மூன்றாவது தண்ணீரில் கரையும் அக்ரிலிக். இதன் மணமும் குறைவு, வீரியமும் குறைவு. பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹாட்வெயார் கடை டின்னில் “அக்ரிலிக்” என்று எழுதியிருக்கும். பிள்ளையின் படக் குறிப்பிலும் “அக்ரிலிக்” என்று இருக்கும். இரண்டும் ஒன்றென்று வாங்கி விடுகிறார்கள். கடை டின்னில் அந்தச் சொல் பிசினின் பெயர் மட்டுமே. அதைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் கடும் கரைப்பான்தான். டின்னின் பின்பக்கச் சிறு எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். டொலுயீன், சைலீன், அசிற்றோன் என்ற பெயர்கள் இருந்தால் அது லக்கர் குணமுடையது என்று வைத்துக் கொள்ளுங்கள். தண்ணீரால் கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே அது தண்ணீர் வகை.

கடை டின்னை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிக்கும் முறை தெரிந்தால் அதுவும் உதவும். சுமார் ஒரு சாண் தூரத்தில், அதாவது 20 முதல் 25 சென்ரிமீற்றரில் டின்னைப் பிடித்து, பனி படிந்தாற்போல் மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். 10, 15 நிமிடம் விட்டு இன்னொரு பூச்சு. இப்படி மூன்று, நான்கு தடவை. மெல்லிய பூச்சில் கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கடிக்கும் முன்பே ஆவியாகிவிடும். ஒரே தடவையில் நிறம் வரவேண்டும் என்று அவசரப்படுகிற பிள்ளைக்குத்தான் பொருள் கெடுகிறது.

ஒன்றின் மேல் ஒன்று

பெயின்ட் பிளாஸ்டிக்கோடு மட்டும் ஒத்துப்போனால் போதாது, தனக்கு அடியிலுள்ள பெயின்ட்டோடும் ஒத்துப்போக வேண்டும். கடுமையானது அடியில், மென்மையானது மேலே என்பதே இதற்கு விதி. லக்கர் காய்ந்த பின் அதன் மேல் எனாமலும் அடிக்கலாம், தண்ணீர் அக்ரிலிக்கும் பூசலாம். எனாமலின் மேல் லக்கர் அடித்தால் அடியிலுள்ளது பொருமிச் சுருங்கி, பொரித்த அப்பளம் போலாகிவிடும்.

வட்டிலப்பம் செய்கிற உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடித்த முட்டையில் கொதிக்கிற கருப்பட்டிப் பாகை ஊற்றினால் முட்டை திரைந்துவிடும். ஆறவிட்டு ஊற்றினால் ஒன்றாய்ச் சேரும். அதே முட்டை, அதே பாகுதான். வரிசையும் பொறுமையும் பிழைத்தால் பண்டம் பிழைக்கிறது. பெயின்ட் காய்ந்ததா என்று அறிய விரலால் தொட வேண்டாம். மூக்கருகே கொண்டு போங்கள். மணம் இருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

எந்தப் பிளாஸ்டிக்?

பெட்டியில் வரும் மாதிரிகள் பெரும்பாலும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. இதில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். நம் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையும் வாளியும் வேறு இனம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பொலிப்புரொப்பிலீன், 2 என்றிருந்தால் பொலித்தீன் இனம். இவற்றில் எந்தப் பெயின்ட்டும் சும்மா நிற்காது, தோல் போல் உரியும். அதற்கென்றே உள்ள அடிப்பூச்சு முதலில் வேண்டும். ஆகவே கதிரையில் அடித்துப் பார்த்துவிட்டு “இந்தப் பெயின்ட் சரியில்லை” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தமியாவின் பி.எஸ். வரிசை டின்னும் இதற்கு ஆகாது. அது ரிமோட்டில் ஓடும் கார்களின் பொலிகாபனேற் உடலுக்கென்றே செய்தது.

பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் ரிஜிபோமில் கோட்டையும் வீடும் செய்வார்கள். ரிஜிபோமும் பொலிஸ்டைரீன்தான், ஆனால் அதன் பெரும்பகுதி வெறும் காற்று. கடை ஸ்ப்ரேயை அதன்மேல் அடித்தால் வெயில் பட்ட ஐஸ்கிறீம் போல் கண்முன்னே குழிந்து கரையும். கண்காட்சிக்கு முதல்நாள் இரவு எத்தனை பிள்ளைகள் இப்படி அழுதிருப்பார்கள்! ரிஜிபோமுக்குத் தண்ணீர் பெயின்ட்டைத் தூரிகையால் பூசுவதே பாதுகாப்பு. சுவருக்கு அடித்து மிஞ்சிய இமல்ஷன் இருந்தால் அதுவே போதும், காசும் மிச்சம்.

எதுவானாலும் முதலில் சோதித்துப் பாருங்கள். பெட்டியில் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் எப்படியும் எறியப்படுவதுதான். அதில் ஒரு துண்டை வெட்டி அடித்துப் பார்த்து, ஒருநாள் காயவிட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சுருங்காமல், உரியாமல், மென்மை கெடாமல் இருந்தால் விமானத்தில் அடிக்கலாம். எந்தக் கடைக்காரரின் வாக்கையும்விட அந்தத் துண்டு உண்மை சொல்லும்.

குறைந்த செலவில்

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டின் வாங்க வேண்டியதில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து வந்திறங்கிய ஏ.டி.ஆர். 72 விமானத்தைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அதன் நீளம் சுமார் 27 மீற்றர். 144 இல் ஒரு பங்காகச் சிறுப்பித்தால் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர்தான் வரும், ஓர் அடிமட்டத்தின் முக்கால் பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிய பொருளின் உடல் முழுவதற்கும் ஒரே நிறத்தில் ஒரு ஸ்ப்ரே போதும். சக்கரம், விசிறி, கோடுகள் எல்லாம் தண்ணீர் அக்ரிலிக்கில் சிறு தூரிகையால் செய்யக் கூடியவை. ஜன்னல்களுக்குரிய கண்ணாடித் துண்டுகளை மட்டும் ஒட்டும் டேப்பால் மூடிவிட வேண்டும்.

சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்று, வெள்ளை ஒன்று, மினுக்கமில்லாக் கறுப்பு ஒன்று. இந்த மூன்று டின்னை இரண்டு, மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கினால் ஆண்டு முழுவதும் பிள்ளைகள் பகிர்ந்து கொள்ளலாம். மூன்றும் ஒரே கம்பனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும், அப்போது ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு ஆகியவை அடிநிறத்தை எளிதில் மறைக்காதவை. அவற்றுக்கு அடியில் வெள்ளை அல்லது வெளிர்நிற அடிப்பூச்சு இருந்தால் அரை டின் மிச்சமாகும். அடித்து முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை ஒரு கணம் அழுத்துங்கள். வாய் அடைபடாது, மிச்சப் பெயின்ட் அடுத்த மாதமும் உதவும்.

நமது காற்றும் தண்ணீரும்

குளிர்நாட்டுப் புத்தகங்கள் டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கச் சொல்லும். யாழ்ப்பாண வெயிலுக்கு அது வேண்டாத வேலை. வெயிலில் நிற்கும் ஓட்டோவிலோ தகரக் கூரையின் கீழோ டின்னை வைத்தால், 50 பாகை தாண்டும்போது வெடிக்கவும் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் காயும் லக்கரில் படிந்து, கறுப்பின் மேலும் பால் தெளித்தது போல் வெண்மை பூக்கும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் புழுதி வந்து ஒட்டும். மழையில்லாத நாளில், பனி காய்ந்து காற்று எழும்பும் முன்னுள்ள காலை நேரமே நல்லது.

பாகங்களை அடிக்கும் முன் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும், தொழிற்சாலை எண்ணெய் அதில் படிந்திருக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெண்மை பிளாஸ்டிக்கிலும் புள்ளி புள்ளியாய்க் காயும். கழுவியவுடன் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் அக்ரிலிக்கை ஐதாக்கவும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கொஞ்சம் பற்றறித் தண்ணீர் வாங்கினால் நெடுநாள் வரும்.

மூச்சும் நெருப்பும்

சகோதரிகளே, இனிச் சொல்வதை மட்டுமாவது மறவாதீர்கள்.

அறைக்குள் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, முற்றத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்க வேண்டும். பெரிய அட்டைப் பெட்டியைச் சரித்து வைத்து அதற்குள் அடித்தால் புகை பரவாது. பாகத்தை உடுப்புக் கொழுவும் கிளிப்பில் பிடித்துக் கொள்ளலாம். மூக்கில் கட்டும் துணியும் வைத்தியசாலை முகக்கவசமும் துகளை ஓரளவு தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முட்டு வருத்தக்காரர் அருகில் நிற்கவே வேண்டாம். வீடுகள் நெருங்கிய சோனகத் தெரு போன்ற இடங்களில் அண்டை வீட்டு ஜன்னலையும் கொடியில் காயும் உடுப்பையும் பார்த்துக் கொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் உரிமை இதிலும் இருக்கிறது.

அடுப்பு எரியும்போதும் சாம்பிராணி புகையும்போதும் ஸ்ப்ரேயைத் தொடக் கூடாது. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு நகர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். வெறும் டின்னைக் குப்பையோடும் பனையோலைச் சருகோடும் போட்டு எரிக்காதீர்கள். முடிந்தது போல் தோன்றும் டின்னிலும் வாயு மிஞ்சியிருக்கும். அது குண்டு போல் வெடிக்கும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இலங்கையில் பெயின்ட்டில் கலக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2013 சனவரி முதல் சட்டப்படி வரம்பு விதித்தது. விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்ட்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. கேற்றுக்கும் இரும்புக்கும் உரிய பெயின்ட் அந்த நோக்கத்துக்காகச் செய்ததல்ல. எனவே அதை அடித்த விமானம் அலுமாரித் தட்டில் இருக்க வேண்டும், தவழும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. பெயரோ விபரமோ ஒட்டாத டின்னை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

நகத்தில் ஒட்டிய பெயின்ட்

வுழூவில் கழுவ வேண்டிய உறுப்பில் தண்ணீர் தோலைத் தொட வேண்டும். மருதாணி இட்ட கையில் நிறம் மட்டுமே இருக்கிறது, படலம் இல்லை. அதனால் பாதகமில்லை. பெயின்ட் அப்படியல்ல, காய்ந்தால் தோலின் மேல் ஒரு படையாக நின்று தண்ணீரைத் தடுக்கும். அதை நீக்கிய பின்பே வுழூ நிறைவேறும். குளிப்புக் கடமையானவருக்கும் இதே சட்டம்தான்.

நீக்குவதற்குப் பிள்ளையின் கையைத் தின்னரில் கழுவ விடாதீர்கள், அது தோலினூடாக உடம்புக்குள் போகும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஊறவிட்டு, துணியால் தேய்த்து, சவர்க்காரம் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே செய்தால் இலகுவாகப் போய்விடும். அதைவிட நல்லது, கையில் ஒரு பழைய ஷொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு அடிப்பது. தொழுகை நேரத்துக்குச் சற்று முன் தொடங்காமல், தொழுதுவிட்டுத் தொடங்கப் பழக்குங்கள். அடுத்த வக்துக்குள் கழுவவும் காயவும் நேரம் கிடைக்கும்.

“படிப்பைக் கெடுக்கும் விளையாட்டு” என்று பெட்டியைப் பறித்து மேலே வைக்கும் தாய்மாரும் உண்டு. நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். சிறு துண்டைக் கையில் வைத்து ஒரு மணி நேரம் பொறுமையாக இருக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாடமும் வரும். பெயின்ட்டுக்குக் காசு கேட்டு வரும் பிள்ளையிடம் காசைக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வகைப் பெயின்ட்? அடியில் என்ன பூசியிருக்கிறாய்? துண்டில் அடித்துப் பார்த்தாயா? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் தாராளமாகக் கொடுங்கள். தெரியாவிட்டால் டின்னை இருவரும் சேர்ந்து திருப்பிப் பார்த்து, பின்பக்கச் சிறு எழுத்தை வாசியுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.